பதினெட்டாம் பிரிவின் கருணை

உணவுப் பாதுகாப்பு அறிவைத் திரட்டிக் காத்து வரும் பெரியோர்களே, ஒக்கூரிலிருந்து உங்களுக்கு ஒரு வாழ்த்து. சங்கப் புலவர் மாசாத்தியாரின் பெயரோடு சேர்த்து அறியப்படும் சிவகங்கைச் சீமையின் ஊர் இது. தேன்குழலும் மாவுருண்டையும் சீப்புச் சீடையும் சுட்டு, டின்னில் அடைத்து, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிப் பிழைக்கும் செட்டிநாட்டில் உங்கள் பணியின் அருமை தெரியாதவர் இருக்க முடியாது. ஊரார் வாய்க்குள் போவதைச் சமைப்பவருக்கு உங்களைவிட நெருங்கிய உறவு யார்?

முதலில் உங்கள் பரப்பைப் போற்றுகிறோம். உலகத்துக்கெல்லாம் உணவுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் ஆணையம் 1963லேயே கூடத் தொடங்கியது. நாடுகள் தமக்குள் ஆபத்துச் செய்தியைப் பரிமாறிக்கொள்ள, உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2004இல் இன்ஃபோசான் என்ற வலையமைப்பைக் கட்டின. நம் நாட்டிலும் உணவுப் பாதுகாப்பு தர ஆணையம் நெட்ஸ்கோஃபான் என்ற பெயரில் ஆய்வு நிறுவனங்களை எட்டுக் குழுக்களாக இணைத்திருக்கிறது. நுண்ணுயிர்க்கு ஒரு குழு, ரசாயனத்துக்கு ஒன்று, பொட்டலத்துக்கு ஒன்று, பரிசோதனைக்கு ஒன்று என எட்டும் தேவையானவை. களத்துக்கும் கமிஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் அடுப்படிக்கும் குழு இல்லை. உணவு நடந்து வரும் வழியை விட்டுவிட்டு, உணவைப் பற்றிய படிப்பின் துறைகளை இவ்வளவு நேர்த்தியாக இணைத்தது பெரிய காரியம்தான்.

உங்கள் வேகம் அதைவிடப் பெரியது. ஐரோப்பாவின் எச்சரிக்கை அமைப்பு 1979 முதல் இயங்குகிறது. 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் செய்த ஒரு சாஸ் புட்டியில் சூடான்-1 என்ற சாயம் இருப்பது இத்தாலியில் தெரிந்தது. அது இந்தியாவிலிருந்து போன மிளகாய்த்தூளில் கலந்திருந்த சாயம். உடனே பிரிட்டனின் கடைகளிலிருந்து 400க்கும் மேற்பட்ட பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. எந்தத் தொழிற்சாலை, எந்தச் சரக்கு, எந்தக் கடை என்று இழையிழையாகப் பிரித்து எடுத்தார்கள். மிளகாயிலிருந்து தட்டு நோக்கிச் செய்தி இப்படித்தான் பாய வேண்டும். தட்டிலிருந்து மிளகாய்க் களத்துக்குத் திரும்பும் வழியிலும் அதே வேகம் இருந்திருந்தால், உங்களைப் புகழ எங்களுக்கு வார்த்தை போதாமல் போயிருக்கும்.

உங்கள் பொறுமைக்கு எல்லையே இல்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அது சுரந்த நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளில் பருவம் தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை, வேறு உணவில்லாமல் தின்ற ஏழைக் குடும்பங்களில் 106 பேர் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் காரணத்தைக் கண்டறிந்து உலகுக்கு எழுதினார்கள். ஈரம் காயாத தானியத்தில் பூஞ்சை பிடிக்கும், அதன் நஞ்சு வறுத்தாலும் பொரித்தாலும் முழுக்கப் போகாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளிலும் அந்த அறிவை நீங்கள் சிந்தாமல் சிதறாமல் வைத்திருக்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் கருணை. 2006இல் நாடாளுமன்றம் இயற்றிய உணவுப் பாதுகாப்பு தரச் சட்டத்தின் பதினெட்டாம் பிரிவு, இந்தச் சட்டம் உழவருக்கும் மீனவருக்கும் பொருந்தாது என்கிறது. வெயிலில் காயும் ஏழையின் வாசலில் அதிகாரி போய் நிற்கக் கூடாது என்று நினைத்த மனம் உயர்ந்த மனம். அதை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் இளையான்குடிப் பக்கம் மிளகாய்ப் பழத்தைப் பறித்துத் தரையில் பரப்பும் பெண்ணிடம் அபராதச் சீட்டோடு சேர்ந்து அறிவும் வராமல் நின்றுவிட்டது. தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் உலர்த்தினால் மண்ணிலுள்ள பூஞ்சை ஏறாது, ஈரம் பத்து பதினொரு சதவீதத்துக்கு இறங்கும்வரை மூட்டை கட்டக் கூடாது, வத்தல் நொறுங்காமலிருக்கத் தண்ணீர் தெளிப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும் என்று மூன்றே வாக்கியங்கள். சட்டம் அவரைத் தொடவில்லை. சட்டத்தை நடத்துவோரின் அறிவும் தொடவில்லை. கருணையில் இவ்வளவு முழுமையை வேறெங்கும் காண முடியாது.

சிறு வியாபாரிகள் மேலும் உங்களுக்கு அதே பரிவு. ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவருக்கு உரிமம் வேண்டாம், ஆண்டுக்கு 100 ரூபாயில் பதிவு போதும் என்று 2011இன் விதிமுறைகள் வழி செய்தன. பயிற்சித் திட்டம் 2017இல் வந்தபோது, 25 பணியாளருக்கு ஒரு பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் என்ற கட்டாயத்தை உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும் வைத்தீர்கள். கெட்ட எண்ணெய்க்கும் கணக்கு வகுத்தீர்கள்: பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் புழங்குவோர் பதிவேடு வைக்க வேண்டும். மூன்று லிட்டர் எண்ணெயில் முறுக்குச் சுடும் ஆச்சிக்குப் பதிவேடும் இல்லை, பயிற்சியும் இல்லை. எண்ணெய் நுரைத்தால், கறுத்தால், புகை சீக்கிரம் கிளம்பினால் கீழே ஊற்றிவிட வேண்டும் என்பதை அவர் தம் மாமியாரிடம் கற்றிருக்கிறார். சொத்தைக் கடலையையும் சுருங்கிய கடலையையும் முறத்தில் புடைத்துத் தள்ளுகிறார். நஞ்சு பெரும்பாலும் அந்தச் சொத்தையில்தான் சேருகிறது என்று உங்கள் ஆய்வுகளும் சொல்கின்றன. அவர் செய்வது சரி என்று அவரிடம் ஒருவர் சொல்லியிருந்தால், விலை ஏறும் நாளிலும் சொத்தையை எறிய அவருக்குத் துணிவு இருக்கும்.

உங்கள் நுணுக்கம் எங்களை வியக்க வைக்கிறது. ஒரு கிலோ மசாலாவில் அஃப்லாடாக்சின் 30 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதை அளக்கக் கிண்டி, மதுரை, தஞ்சாவூர், கோவை, சேலம், பாளையங்கோட்டை என்று தமிழ்நாட்டில் அரசுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட்டு, 14 நாளுக்குள் அறிக்கையை நியமன அலுவலரிடம் சேர்க்கச் சட்டம் சொல்கிறது. முத்திரை உடையாமல், வழக்கில் தோற்காமல் இருக்க எத்தனை கவனம்! மாதிரி தவறினால் விற்றவர் மேல் வழக்கு வரும். அந்தச் சரக்கு எந்தச் சந்தையிலிருந்து வந்தது, எந்த மழையில் நனைந்தது, அதே மூட்டைகள் இன்னும் எந்தக் கடைகளில் கிடக்கின்றன என்று விருதுநகர் கமிஷன் கடைக்கும் காரைக்குடி மளிகைக்கும் எடுத்துச் சொல்லும் கடமையை அறிக்கையின் பயணத்தில் யாரும் சேர்க்கவில்லை. ஒரு தவறு ஒருவருக்குத் தண்டனையாகி முடிகிறது. நூறு பேருக்குப் பாடமாவதில்லை.

இத்தனை சிறப்பும் உடைய உங்களால் ஊருக்கு ஒரு செய்தி சொல்ல முடியுமா என்று யாரும் ஐயப்பட வேண்டாம். 2024 பிப்ரவரி 17ஆம் தேதி, ரோடமின்-பி சாயம் கலந்ததைக் கண்டு தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. அடுத்த சில நாளில் அந்த இளஞ்சிவப்பு நிறத்தின் ஆபத்து டீக்கடையில் பேச்சானது, பள்ளி வாசலில் பேச்சானது, பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. நெட்ஸ்கோஃபானும் இன்ஃபோசானும் எதற்காகக் கட்டப்பட்டனவோ, அதை ஒரு செய்திக்குறிப்பும் உள்ளூர் அலுவலர்களின் நடையும் செய்துகாட்டின. அது உண்மையான பெருமை. அதை மனமாரப் பாராட்டுகிறோம்.

இனி மாசி பிறந்தால் மிளகாய்ப் பழம் களத்துக்கு வரும். அதற்கு முன் வேளாண்மைத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, உழவர், கமிஷன் கடைக்காரர், செக்குக்காரர், மில்காரர், பலகாரம் சுடும் பெண்கள் எல்லாரையும் சிவகங்கையிலோ காரைக்குடியிலோ ஒரு நாள் அழைக்கலாம். அறிஞர்கள் பேசுவதோடு முறம் பிடித்தவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளலாம். ஆய்வுக்கூடத்தின் முடிவுகளைப் பெயர் நீக்கி, எந்தப் பக்கத்துச் சரக்கில் ஈரம் கூடியது என்று மாதந்தோறும் சந்தையில் ஒட்டலாம். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். பஞ்சுமிட்டாயைப் பற்றி ஊரெல்லாம் அறியச் செய்த திறமை உங்களிடம் இருப்பதைக் கண்ணால் கண்டுவிட்டோம். இனிமேல் உங்களால் முடியவில்லை என்று எங்களால் நம்ப முடியாது.