பேப்பர் அண்ணன்

எங்கள் தெருவில் பேப்பர் போடும் பையன் காலை ஐந்தே முக்காலுக்குப் போட்டுவிடுகிறான். மழையோ, புயலோ, மூன்றாம் வீட்டு நாயோ அவனைத் தடுத்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் 2010 ஆகஸ்ட்டிலிருந்து போடப்போகிறார். இன்னும் போடவில்லை.

ஐ.டி. பக்கம் வராதவர்களுக்கு ஒரு விளக்கம். ராஜிநாமா என்ற சொல் அரசியல்வாதிகளுக்கானது. நாங்கள் ‘பேப்பர் போடறது’ என்போம். அதில் காகிதம் எதுவும் கிடையாது. கம்பெனியின் உள்தளத்தில் ஒரு பட்டன், அவ்வளவுதான். அமுக்கினால் “நிச்சயமாகவா?” என்று ஒருமுறை கேட்கும். ஆமென்றால் 90 நாள் நோட்டீஸ் ஓட ஆரம்பிக்கும். அந்தப் பட்டன் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் எங்கள் தளத்தில் அவர் ஒருவர்தான். பேப்பர் போட வருகிற மற்றவர்கள்கூட அவரிடம்தான் வழி கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

பெயர் வேண்டாம். தளம் முழுக்கப் ‘பேப்பர் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுகிறது, அதுவும் நேரிலேயே. அவரும் திரும்பிப் பார்ப்பார். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். வயது முப்பத்தேழு, முதுகுக்கு மட்டும் ஐம்பது. கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டில் அடர்த்தியான தலைமுடியோடு ஒரு பையன் சிரிக்கிறான். வாசலில் செக்யூரிட்டி படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தால், “நான்தாங்க அது. கம்பெனில சேர்றதுக்கு முன்னாடி எடுத்தது” என்பார்.

காலை பதினொரு மணிக்கு அவரை எதிர்ச்சாரி டீக்கடையில் பார்க்கலாம். ஒவ்வொரு தளத்திலும் மெஷின் இருக்கிறது. அமுக்கினால் டீ என்று எழுதிய ஒன்று இலவசமாக வரும். அதைக் குடித்துக்கொண்டு நிர்வாகத்தைத் திட்ட நாக்கு ஒத்துழைக்காது என்பது அவர் கட்சி. மெட்ரோ வேலைக்கு அடைத்த தகடுகளுக்கும் டீக்கடைப் பெஞ்சுக்கும் நடுவே, பழைய மகாபலிபுரம் சாலை நமக்கென்று விட்டுவைத்திருக்கும் மூன்றடி அகலத்தில் எங்கள் தொழிற்சங்கம் கூடும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அவரே. மற்றவர்கள் டீ ஆறும்வரை உறுப்பினர்கள்.

“தம்பி, இது கம்பெனியே இல்ல. மடம். அதுவும் சோறு போடாத மடம். இந்த ஏப்ரலோட நான் கிளம்பறேன்.”

எந்த ஏப்ரல் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் கேட்பார்கள்.

அவர் கிளம்பாததற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு நியாயம் இருந்திருக்கிறது. முதல் ஐந்து வருடம் அவரைப் பிடித்துவைத்திருந்தது 1972-ஆம் வருடத்துப் பணிக்கொடைச் சட்டம். ஐந்து வருடம் விடாமல் இருந்தால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு கிராஜுவிட்டி தருவார்கள். “அதை வாங்காம போனா அவனுக்குத்தானே லாபம்?” 2015-ல் ஐந்து வருடம் முடிந்தது. அப்போது பார்த்து ஆன்சைட் என்றார்கள். அமெரிக்காவின் எச்-1பி விசா வருடத்துக்கு 85,000 பேருக்கு, குலுக்கல் முறையில். மூன்று வருடம் இவர் பெயரையும் போட்டுக் குலுக்கினார்கள். மூன்று வருடமும் விழவில்லை. (“ஊர்ல சீட்டுப் போட்டாலே எனக்குக் கடைசி மாசம்தான் விழும். அமெரிக்காக்காரன் மட்டும் முதல்ல எடுத்துக் குடுத்துருவானா?”) பிறகு கேளம்பாக்கத்தில் ஃப்ளாட். பிறகு கொரோனா. பிறகு பிள்ளைக்கு எல்.கே.ஜி.

இவை பெரிய காரணங்கள். வருடாந்தரக் காரணங்கள் தனி. அவை பஞ்சாங்கப்படி வரும். வேரியபிள் பே ஜூலைக் கடைசியில் விழும், அதை விட்டுவிட்டுப் போக முடியாது. அது விழும்போது ஆடி; ஆடியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது. ஆவணி பிறந்தால் தீபாவளி எட்டிப் பார்க்கும். வேலை இல்லாத மாப்பிள்ளையாக மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? மார்கழி தானாகவே ஆகாது. தை பிறந்தால் வழி பிறக்கும்தான். ஆனால் தையில் அப்ரைசல் படிவம் வந்துவிடும். ரேட்டிங் என்னவென்று பார்க்காமல் பேப்பர் போடுகிறவன் முட்டாள்.

அப்ரைசல் மாதத்தில்தான் அண்ணன் முழு வீச்சில் இருப்பார். முதலில் நம்மை நாமே புகழ்ந்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். தளத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் அதை எழுதித் தருகிறார். “பரணி பாடற மாதிரி எழுதணும் தம்பி. ஆனா ஆயிரம் யானையையும் நானே கொன்னேன்னு எழுதக் கூடாது. மேனேஜர் தலைமையில கொன்னேன்னு எழுதணும். இல்லன்னா யானையே வரலன்னுடுவான்.”

அதற்குப் பிறகு வருவது பெல் கர்வ். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஜாக் வெல்ச் 1980-களில் பிரபலமாக்கிய கணக்கு இது: மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. அந்தக் கீழ்ப் பத்தில் யாராவது இருந்தே ஆக வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து தேரை இழுத்து நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தாலும், ஒருத்தன் வடத்தைத் தொடவே இல்லை என்று எழுதியாக வேண்டும். இப்படி ஊழியர்களை அடுக்கி வைப்பதை மைக்ரோசாஃப்டே 2013 நவம்பரில் தூக்கிப் போட்டுவிட்டது. அண்ணனுக்கு அது வேதவாக்கு. “கண்டுபிடிச்ச ஊர்லயே விட்டுட்டான். நம்மாளு மட்டும் சீர்வரிசைப் பாத்திரம் மாதிரி பரண்ல வெச்சுக் காப்பாத்தறான்.” எங்கள் கம்பெனியிலும் பெல் கர்வ் கிடையாதுதான், காகிதத்தில். இங்கே அதற்கு ‘நார்மலைசேஷன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அண்ணனின் மேனேஜர் அவரைவிட நாலு வயது இளையவர். ‘ஜி’ போட்டுத்தான் பேசுவார். போன வருடத்து ரேட்டிங் பேச்சு கண்ணாடி அறைக்குள் நடந்தது. வெளியே வந்ததும் அண்ணன் எங்களுக்கு அதை நடித்தே காட்டினார்.

“ஜி, உங்க வேலையில ஒரு குறையும் இல்ல. விசிபிலிட்டிதான் கொஞ்சம் பத்தல.”

“எட்டாவது மாடில, ஜன்னலோரமா, நாலு வருஷமா அதே சீட்ல உட்கார்ந்திருக்கேன். விமானத்துல போறவனுக்குக்கூடத் தெரியறேன். இன்னும் எவ்வளவு விசிபிலிட்டி வேணும்?”

“உங்களுக்காக நான் ரொம்ப ஃபைட் பண்ணேன் ஜி.”

“யாரோட?”

இந்தக் கேள்விக்கு எங்கள் துறையில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. எல்லா மேனேஜர்களும் எல்லாருக்காகவும் சண்டை போட்டிருக்கிறார்கள். எதிரி யார், களம் எங்கே என்பதுதான் தெரியவில்லை. அந்த மேனேஜரும் அவருடைய மேனேஜரிடம் போய் இதே வசனத்தைக் கேட்டுவிட்டு வந்தவர்தான். அவர் புலம்புவது கார் பார்க்கிங்கில். டீக்கடைக்கு வந்தால் அண்ணன் இருப்பாரே.

அந்த வருடத்து ஹைக் 2.8 சதவீதம். ‘மனமார்ந்த வாழ்த்துகள்’ என்று தொடங்கிய கடிதம் அது. அதே வாரத்தில் டீ 12 ரூபாயிலிருந்து 15 ஆனது. அண்ணன் கைபேசியில் கணக்குப் போட்டார். 25 சதவீதம். டீக்கடைக்காரரை எங்கள் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, “பாத்துக்கங்க. செல்ஃப் அப்ரைசல் எழுதல, கோல் ஷீட் இல்ல, யாரும் இவருக்காக ஃபைட் பண்ணல. நேரா 25” என்றார். டீக்கடைக்காரர் ஒன்றும் புரியாமல் பால் விலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய நிஜமான காயம் சதவீதத்தில் இல்லை. அவர் சேர்ந்தபோது ஃப்ரெஷர்களுக்கு வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம். பதினைந்து வருடம் கழித்தும் பெரிய கம்பெனிகளில் பெரும்பாலான ஃப்ரெஷர்களுக்குக் கிட்டத்தட்ட அதே தொகைதான். அதையாவது பொறுத்துக்கொள்வார். வெளியிலிருந்து வருகிற லேட்டரலைத்தான் அவரால் பொறுக்க முடியாது. இவரைவிட ஆறு வருட அனுபவம் குறைந்த ஒருவர் இவரைவிட அதிகச் சம்பளத்தில் வந்து பக்கத்தில் உட்காருவார். அவருக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டியது இவர். ஒரு மாதம் கற்றுக்கொடுத்தால், அதை ‘நாலெட்ஜ் ஷேரிங்’ என்று பாராட்டி ஒரு மின்னட்டை வரும், பட்டாசு வெடிக்கிற படத்தோடு. எங்கள் துறையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பட்ஜெட் வேறு, இருக்கிற ஆளுக்குக் கூட்டித் தரும் பட்ஜெட் வேறு. வீட்டு மாட்டுக்குத் தவிடு வாங்கக் காசில்லை என்பார்கள். சந்தையில் புது மாடு வாங்கக் காசிருக்கும்.

2022-ல் அண்ணனும் சந்தைக்குப் போகத்தான் செய்தார். பெரிய கம்பெனிகளில் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. பெங்களூரில் ஒரு கம்பெனி அவருக்கு எழுபது சதவீதம் கூட்டித் தந்தது. ஆஃபர் லெட்டரை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மேஜை டிராயரில் வைத்தார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். சேர வேண்டிய தேதி வந்தது, போனது. 2023-ல் ஆள் குறைப்பு அலை அடித்தபோது அந்த உறையை வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் ஆட்டிக் காட்டினார். “போயிருந்தா இன்னைக்குத் தெருவுல. அதுக்குத்தான் சொல்றேன், எதுலயும் நிதானம் வேணும்.” கம்பெனியை அவர் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். மறுநாள் கேன்டீன் சாம்பாரில் தொடங்கிவிட்டார்.

அதே வருடம் அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னார். தளமே கொதித்தது. அண்ணன் மட்டும் கொதிக்கவில்லை. “சோழிங்கநல்லூர் சிக்னல்ல நிக்கற நேரத்தைச் சேர்த்துக்கலாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. சேர்த்துக்கலாம்னா நான் ஏற்கெனவே அதுக்கு மேல போயிட்டேன்.”

இவ்வளவு அதிருப்தி உள்ள மனிதர், ஊழியர் மனநிறைவுக் கணிப்பில் என்ன எழுதுவார்? வருடத்துக்கு ஒருமுறை அது வரும். பெயர் தெரியாது, மனம் திறந்து சொல்லுங்கள் என்று மேலே எழுதியிருக்கும். முதல் கட்டத்தில் ஊழியர் எண் கேட்கும். நாற்பது கேள்விகள். அண்ணன் நாற்பதுக்கும் 5-க்கு 5 போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அண்ணே, நீங்களா?”

“தம்பி, உனக்கு விவரம் பத்தாது. போன தடவை உண்மையை எழுதினேன். ஸ்கோர் இறங்கிடுச்சு. ஏன் இறங்கிச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு ஆக்‌ஷன் கமிட்டி போட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மீட்டிங், ஆறு வாரம். கமிட்டில என்னையும் போட்டான். கடைசில என்ன முடிவு பண்ணாங்க தெரியுமா? மாசம் ஒரு ஃபன் ஃப்ரைடே. பலூனுக்குக் காத்து ஊதினது நான்.”

எங்கள் தளம் இப்போது மனநிறைவில் முதலிடத்தில் இருக்கிறது. கேடயம் லிஃப்ட் பக்கத்தில் இருக்கிறது.

என் பக்கத்து இருக்கைப் பெண் ஒருத்தி இருந்தாள். எதைக் கேட்டாலும் “ஆல் குட்” என்பாள். டீக்கடைக்கு வர மாட்டாள், யாரையும் ஒரு வார்த்தை திட்ட மாட்டாள், ஃபன் ஃப்ரைடேயில் உறியடித்துப் பானையை உடைத்தவள். ஒரு திங்கள்கிழமை பத்து மணிக்கு பேப்பர் போட்டாள். மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. காலாண்டின் நடுவில் இப்படியா என்று ஓடினார். அண்ணனைப் பற்றி யாரும் இப்படிப் பதறியதில்லை. போகிறவர்கள் டீ குடிக்க வருவதில்லை என்பது மேனேஜர்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிகிறது. அவளுடைய பிரிவு விழாவுக்கு ஆளுக்கு நூறு ரூபாய் வசூலித்து, கேக் வாங்கி, பேசியதும் அண்ணன்தான். தளத்தின் எல்லாப் பிரிவு உரைகளும் அவருடையவை. எனக்குத் தெரிந்து நாற்பது பேரை வழியனுப்பியிருப்பார். துண்டு போட்டு இடம் பிடித்தவன் நிற்க, பின்னால் வந்தவன் எல்லாம் பஸ் ஏறிப் போன கதை.

இரவு இரண்டு மணிக்கு வங்கிக்கார வாடிக்கையாளரின் பேட்ச் ஜாப் விழுந்தால், அதற்கென்று முறை வைத்து ஆள் இருக்கிறார்கள். முறைக்காரர் செய்யும் முதல் வேலை அண்ணனுக்குப் போன் போடுவது. ஒருமுறை அந்த அழைப்பில் நானும் இருந்தேன். திட்டிக்கொண்டே எழுந்தார், திட்டிக்கொண்டே லாகின் ஆனார். 2013-ல் தான் எழுதிய ஒரு வரியைத் தேடிப் பிடித்து, அதை யாரோ திருத்தியதைக் கண்டு, திருத்தியவரின் பரம்பரையை விசாரித்துக்கொண்டே சரிசெய்தார். மூன்றரைக்கு ஜாப் ஓடத் தொடங்கியது. அது முடிகிறவரை அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. “போய்த் தூங்குங்க அண்ணே” என்றேன். “இந்த லட்சணத்துல விட்டுட்டுப் போகச் சொல்றியா?” என்றார்.

போன ஆகஸ்ட்டில் அவருக்குப் பதினைந்து வருட விருது. டவுன் ஹால் கூட்டத்தில் மேடை ஏற்றினார்கள். நாங்கள் கைபேசியில் படம் பிடிக்கத் தயாரானோம். இத்தனை வருடத்தையும் மைக்கில் கொட்டிவிடுவார் என்று பின் வரிசையில் பந்தயம்கூட நடந்தது. மைக்கைப் பிடித்தார். தொண்டையைக் கனைத்தார். “இந்தக் கம்பெனி எனக்கு வீடு மாதிரி” என்றார், குரல் உடைந்துவிட்டது. மேலிடத்தவர் ஒருவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அண்ணன் சொன்னது பொய்யில்லை. வீட்டைப் பற்றியும் அவர் டீக்கடையில் இப்படித்தான் பேசுவார்.

பரிசு, கம்பெனி சின்னம் பொறித்த மேஜைக் கடிகாரம். இருக்கைக்கு வந்து திருப்பிப் பார்த்தார். முகம் பழையபடி மலர்ந்தது.

“பாத்தியா தம்பி? பதினஞ்சு வருஷம். பேட்டரி போடாம குடுத்திருக்கான்.”

இரண்டு பென்சில் பேட்டரி, நாற்பது ரூபாய். தானே வாங்கிப் போட்டு, பில்லை இணைத்து கிளெய்ம் அனுப்பியிருக்கிறார். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். இப்போது இரண்டாம் கட்ட ஒப்புதலில் இருக்கிறது. பணம் கைக்கு வந்த அன்று பேப்பர் போடுகிறாராம்.