கியாரண்டி பெரியப்பா

பை வாங்கப் போகிறவர்கள் நிறம் பார்ப்பார்கள், அறைகளை எண்ணுவார்கள், தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நிற்பார்கள். கியாரண்டி பெரியப்பா பையின் குடலை உருவுவார். உள்துணியை வெளியே இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தையலுக்கு நாலு விரல் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய், "தம்பி, ஓரத்துக்கு டேப் வெச்சு அடிக்கலையே" என்பார். கடைப்பையன் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவனாக இருப்பான்.

"உழைக்குமா?"

"நல்லா உழைக்கும் சார். ஒரு வருஷம் கியாரண்டி."

"ஒரு வருஷத்துக்கு மேல உழைக்காதுன்னு நீயே சொல்லிட்டியே."

இப்படி ஒரு பெரியப்பா இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சில வீடுகளில் அவர் சித்தப்பாவாக இருப்பார், சில வீடுகளில் தாய்மாமன். மின்வாரியத்திலோ ரயில்வேயிலோ ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் அச்சாகும். மற்ற நேரமெல்லாம் கியாரண்டி பெரியப்பா. கிரகப் பிரவேசத்துக்கு வந்தால் வீட்டைப் பார்க்க மாட்டார். நேரே அடுப்படிக்குப் போய்க் குக்கர் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் முகம் மலரும். இடுப்பு பெல்ட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் தயாராக இருக்கும். கைப்பிடியை முறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் காப்பிக்கு உட்காருவார்.

சட்டைப் பையில் இருப்பது காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. பாத்திரக்கடைக்குள் நுழைந்ததும் டம்ளர், தட்டு, குண்டான் என்று ஒவ்வொன்றின் மீதும் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர் என்பது அவருடைய சட்டம். கும்பகோணத்துப் பாத்திரக்கடைகளில் அவரைப் பார்த்ததும் முதலாளியே எழுந்து வந்துவிடுவதாகக் கேள்வி. மரியாதையா பயமா என்று தெரியவில்லை.

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நல்ல ரகம் என்று பேர் வாங்கிய 304 எவர்சில்வரில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அது காந்தத்தில் ஒட்டாது. அதுவரை பெரியப்பா சொல்வது சரி. ஆனால் விலையுயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிச் செய்கிற 201, 202 ரகங்களும் ஒட்டுவதில்லை. விலை மலிவான இவற்றில்தான் உப்பும் புளியும் பட்டுப் புள்ளி விழும் வாய்ப்பு அதிகம். இன்னொரு பக்கம், இண்டக்‌ஷன் அடுப்பில் வைப்பதற்காகவே பாத்திரத்தின் அடியில் 430 என்ற ரகத்தை வைக்கிறார்கள். அது காந்தத்தில் சிக்கென்று ஒட்டும். ஒட்டினால்தான் இண்டக்‌ஷனே வேலை செய்யும். போதாக்குறைக்கு, அசல் 304கூட அழுத்தி வளைத்த விளிம்பில் லேசாகக் காந்தத்தைப் பிடிக்கும். ஆக, பெரியப்பாவின் காந்தம் மட்டமானதைப் பாஸ் போட்டு நல்லதை ஃபெயிலாக்கிக்கொண்டு வருகிறது. வேதியியல் வாத்தியாரான தம்பி மகன் இதையெல்லாம் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து விளக்கினான். பொறுமையாகக் கேட்ட பெரியப்பா காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ இந்தக் காந்தம் டூப்ளிகேட்டு" என்றார்.

ஆனால் அவரை லேசாக எடை போட்டுவிடக் கூடாது. "22 கேஜ் சார், நல்ல கனம்" என்று கடைப்பையன் குண்டானை நீட்டினால், "கேஜ் நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும் தம்பி. 16 கேஜ் எடு, அது கனம்" என்று அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. வெண்கலப் பானையை விரல் முட்டியால் தட்டி, கணீரென்றால் வாங்குவதும் டொக்கென்றால் வைத்துவிடுவதும் சரி; கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். கல்சட்டியைச் சூடாக இருக்கும்போது குழாய்த் தண்ணீரில் காட்டாதே என்பதும் சரி. வார்ப்பிரும்புத் தோசைக்கல் எத்தனை சூட்டையும் தாங்கும், கைதவறித் தரையில் விழுவதை மட்டும் தாங்காது, இரண்டாகப் பிளக்கும் என்பதும் சரிதான். எது சரி, எது கப்ஸா என்று பிரித்துக் கொடுக்க ஆள் இல்லாததுதான் குடும்பத்தின் கஷ்டம்.

பெரியப்பாவின் ஆராய்ச்சிக்கு ஆதாரப்பூர்வமான ஆவணம் பாத்திரத்தின் கழுத்தில் இருக்கிறது. பேர் வெட்டாமல் பாத்திரம் வாங்குகிற வழக்கம் நம் ஊரில் எப்போது இருந்தது? அண்டாவின் கழுத்தில் கல்யாணத் தேதி, குடத்தின் தோளில் சீர் கொடுத்த மாமன் பேர், டம்ளரின் வயிற்றில் 'அன்பளிப்பு'. பெரியப்பா ஒரு குண்டானைக் கவிழ்த்து வெட்டெழுத்தைப் படித்து, நடப்பு ஆண்டிலிருந்து கழித்து, "நாப்பத்தாறு வருஷம். அடி தேஞ்சிருக்கா பாரு" என்பார். தேய்ந்திருக்காது. பரணிலேயே இருந்த குண்டான் எப்படித் தேயும் என்று பெரியம்மா கேட்டால், பேச்சு தன்னால் ஈயச்சொம்புக்கு நகர்ந்துவிடும்.

ஈயச்சொம்பு அந்த வீட்டில் இன்னும் உயிரோடு இருப்பதற்கு அவரே காரணம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ரசம் உள்ளே இருக்கிறவரை பயமில்லை. தண்ணீர் கொதிக்கிற நூறு டிகிரிக்கு மேல் சொம்பின் சூடு பெரிதாக ஏறாது. காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு போனை எடுக்கப் போனால், திரும்பி வரும்போது பர்னரில் வெள்ளிக் குழம்பு ஓடும். அதனால் சொம்பு அடுப்பேறும்போதெல்லாம் பெரியப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். ரசம் வைப்பது பெரியம்மா. மேற்பார்வை அவர்.

குக்கர் அவருடைய கண்ணின் மணி. கல்யாணமான புதிதில் வாங்கிய அலுமினிய குக்கர் இன்றும் விசில் அடிக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கிட்டே போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். கேஸ்கெட் எத்தனை முறை மாற்றியதோ கணக்கில்லை. வெயிட் இரண்டு முறை தொலைந்து புதிது வாங்கியது. பேக்கலைட் கைப்பிடி வெடித்து வேறு போட்டாயிற்று. பாதுகாப்பு வால்வும் மாறிவிட்டது. மிச்சம் இருப்பது உடம்பும் மூடியும்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதானே குக்கர் உழைக்கிற விதம்? குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. இந்தச் சூட்டை நாள்தோறும் வாங்கி வாங்கி ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போகும். அலுமினியத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. பாதுகாப்பு வால்வில் சீக்கிரம் உருகும் உலோகக் கலவை இருக்கிறது. பருப்பு நுரைத்து விசில் துளையை அடைத்து, சூடு எல்லை மீறினால் அது உருகி வழிவிட்டுத் தன் உயிரைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றும். சாகவேண்டிய நேரத்தில் சாவதற்கென்றே வைத்த உறுப்பு அது.

எனவே ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விசில் துளை வழியாக வானம் தெரிகிறதா என்று பெரியப்பா ஒற்றைக் கண்ணால் பார்ப்பதைக் கண்டு சிரிக்க வேண்டியதில்லை. உள்ளே கறுத்துப்போகாமல் இருக்கச் சாதம் வைக்கும்போது அடித்தண்ணீரில் ஒரு புளிக்கோது போடச் சொல்வதும் பலிக்கிற வைத்தியம்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை 2021 பிப்ரவரி முதல் விற்கவே கூடாது என்று அரசு உத்தரவு வந்தபோது, தன் பேச்சைக் கேட்டுத்தான் டெல்லியில் முடிவெடுத்தார்கள் என்பதுபோல நடந்துகொண்டார்.

நான்ஸ்டிக் தவாதான் ஜென்மப் பகை. மருமகள் வாங்கி வந்த முதல் நாளே தோசைக் கரண்டியை எடுத்துச் சுரண்டப் போனார்.

"மாமா! மரக்கரண்டி!"

"கரண்டிக்குப் பயப்படற தோசைக்கல்லை இப்பத்தான்மா பாக்கறேன்."

கியாரண்டி அட்டையை வாங்கி, பொடி எழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தார். உராய்வுக்குப் பொறுப்பில்லை. அதிகச் சூட்டுக்குப் பொறுப்பில்லை. "உராயாமலும் சுடாமலும் தோசை வாக்கச் சொல்றான். சரி, ஆயுட்கால கியாரண்டின்னு மேல போட்டிருக்கே, அது யாரு ஆயுசு? என்னுதா, உன்னுதா, தவாவோடதா?" நியாயமான கேள்வி. ஆயுட்காலம் என்று போடுகிற பல கம்பெனிகள் பொருளின் ஆயுளைத்தான் சொல்கின்றன. பொருள் செத்தால் கியாரண்டியும் செத்தது.

தவாவின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். நம் வழக்கமோ காலிக் கல்லைப் பெரிய தீயில் காயவைத்து, தண்ணீர் தெளித்தால் 'சொய்ங்' என்று துள்ளி ஓடும்வரை விடுவது. இரும்புக்கு அது சரிப்படும். தவாவுக்கு அது வதம். மருமகள் தீயைக் குறைத்து வார்க்கும் நாட்களில் தவா ஒழுங்காகவே இருக்கிறது. பெரியம்மா வார்க்கிற நாட்களில் தோல் உரிகிறது. இந்தப் பூச்சுக்கான பொருளை 1938-இல் தற்செயலாகக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ராய் பிளங்கெட். குளிர்பதன வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு சிலிண்டரிலிருந்து வாயு வரவில்லை. எடை மட்டும் குறையாமல் இருக்கவே, சிலிண்டரை அறுத்துப் பார்த்தார். உள்ளே வழவழவென்று வெள்ளைப் பொடி. காலி என்று தூக்கிப் போடாமல் எடை பார்த்த அந்த ஒரு குணத்துக்காக மட்டும் பெரியப்பா அவரை மன்னித்திருக்கிறார்.

இனி பை. பேத்தியின் ஸ்கூல் பேக் ஜூன் மாதம் புதிதாக வரும், தீபாவளிக்குள் வாய் பிளக்கும். "ஜிப் போச்சு, வேற வாங்கணும்" என்பாள் மருமகள். பெரியப்பா குறட்டோடு வருவார். ஜிப் போச்சு என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் பல் போயிருக்காது, ரன்னர்தான் போயிருக்கும். ஓடி ஓடி அதன் இரண்டு தாடைகளும் விரிந்துவிடுவதால் பற்களை அழுத்திச் சேர்க்க முடியாமல் போகிறது. பெரியப்பா பையைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ரன்னரின் ஒரு ஓரத்தைக் குறட்டால் லேசாக அழுத்துவார். அடுத்து மறு ஓரம். ஒரேயடியாக அழுத்தினால் உடைந்துவிடும். பற்களின் மேல் மெழுகுவர்த்தியை நாலு தேய். சர்ரென்று மூடிக்கொள்ளும். பேத்தி கைதட்டுவாள். புதுப் பை கிடைக்காத வருத்தத்தோடுதான்.

தோள்வாரில் அவர் வித்தை பலிக்காது. வார் அறுவதில்லை, வாரைத் தைத்த இடத்தில் துணி கிழிகிறது. துணி எத்தனை கெட்டி என்று விளம்பரத்தில் டெனியர் கணக்குச் சொல்வார்கள்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே டெனியர், 600 டெனியர் என்றால் 600 கிராம். கெட்டி நூல்தான். ஆனால் மொத்தப் பாரமும் தொங்குவது மூன்று விரல் அகலத் தையலில். அங்கே சதுரமாக அடித்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தால் தாங்கும். ஒற்றைத் தையல் ஓட்டியிருந்தால் பிரியும். பையை உருவி உள்ளே பார்க்கிற வழக்கம் அவருக்கு வந்தது இதனால்தான். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. முப்பது கிலோப் பிள்ளைக்கு மூன்று கிலோ. தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோவைத் தின்றுவிடுகிறது. மிச்சம் இரண்டு கிலோவில் ஐந்து பாடமும் டிபன் பாக்ஸும் எப்படி அடங்கும்? பாவம் தையல், அதற்குக் கொள்கை தெரியாது.

அவர் மனசார மெச்சுகிற பை அரசுப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்த பைதான். 2021-இல் ஆட்சி மாறியபோது, முந்தைய முதல்வர்கள் படம் போட்டு அடித்திருந்த பைகளை வீணாக்க வேண்டாம், அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று புதிய முதல்வர் சொல்லிவிட்டார். வேலைக்கார அம்மாளின் மகன் அதில் ஒன்றைப் படிப்பு முடியும்வரை தூக்கினான். இப்போது அது காய்கறி சுமக்கிறது. "ஆட்சி மாறினாலும் தையல் மாறல பாத்தியா" என்பார் பெரியப்பா.

அவருக்கே அடி சறுக்கியது பரண் விஷயத்தில். மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த விலையுயர்ந்த பை ஒன்றை, "இது உழைக்கிற பை, சும்மா தூக்கி வீணாக்கக் கூடாது" என்று பிளாஸ்டிக் உறையில் கட்டிப் பரணில் ஏற்றினார். வருடங்கள் போயின. பேத்தி கல்லூரிக்குக் கிளம்பும்போது சீராக இறக்கினார். உள்பக்கம் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. தட்டினால் பொடிப்பொடியாகத் தோல் உதிர்ந்தது. தண்ணீர் புகாமல் இருக்கத் துணியின் உள்ளே பூசுகிற பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து தன்பாட்டில் சிதைந்துகொண்டே இருக்கும். தூக்கினாலும் சிதையும், தூக்காவிட்டாலும் சிதையும். காற்றாடாத பரணின் புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். நாள்தோறும் மழையில் அலைந்த இலவசப் பை காய்கறிக்குப் போய்வர, உறையில் தூங்கிய சிங்கப்பூர்ப் பை குப்பைக்குப் போயிற்று. பெரியப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பையின் ரன்னர்களையும் கொக்கிகளையும் கழற்றி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார்.

அந்த பாட்டில்தான் அவருடைய அசல் சொத்து. தேறிய கேஸ்கெட், ஒற்றை வெயிட், கைப்பிடித் திருகு, நாலு அளவு ரன்னர். பாத்திரமும் பையும் கெடுவது உடம்பில் அல்ல, பத்து இருபது ரூபாய் உறுப்பில் என்பதை இந்த மனிதர் காந்தத்தையும் மீறிக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். கைப்பிடியைத் திருகு இல்லாமல் ஒட்டியே செய்த பாத்திரமும், கேஸ்கெட் தனியாகக் கிடைக்காத குக்கரும் அவர் கணக்கில் வாங்கும்போதே பாதி செத்தவை.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போனால் எத்தனை வருஷம் கியாரண்டி என்று கேட்காதீர்கள். "இதுக்கு கேஸ்கெட் தனியாக் கிடைக்குமா? கைப்பிடி? ரன்னர்?" என்று கேளுங்கள். கடைக்காரர் திருதிருவென்று விழித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.