தூங்கா நகரில் கட்டில் வாடகை: ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஐரோப்பாவில் முதுகுப் பையோடு ஊர் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் அறையை வாடகைக்கு எடுப்பதில்லை, கட்டிலை எடுக்கிறார்கள். 1912இல் ஜெர்மனியின் அல்டேனா கோட்டையில் ரிச்சர்ட் ஷிர்மான் தொடங்கிய இளைஞர் விடுதி இதற்கு வித்திட்டது. மேல்கட்டில், கீழ்க்கட்டில், தலைக்கு இத்தனை யூரோ. கணக்கு அவ்வளவுதான். மதுரையில் இந்தக் கணக்கு செல்லாது. ஏன் என்பதே நமது ஆய்வு.

முன்னோடிச் சான்று

மதுரையின் சிக்கனத் தங்குமிடத்துக்குப் பழைய சான்று சிலப்பதிகாரம். கவுந்தியடிகளின் சிபாரிசில் கோவலனும் கண்ணகியும் மதிலுக்கு வெளியே ஆயர் பாடியில் மாதரியின் பொறுப்பில் தங்கினார்கள். சமையல் வசதி உண்டு. வாடகைப் பேச்சே இல்லை. கோவலன் செக்-அவுட் செய்ய வராதது தங்குமிடத்தின் குற்றமன்று. பின்னாளில் ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் வழிப்போக்கர்களைத் தாங்கியது.

களப்பணி

டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியவை களம். ஆய்வுக் கருவி, பெரியம்மா. கிடைத்த விதிகள் மூன்று.

1. தலை சுருங்கு விதி: "எத்தன பேரு?" என்று லாட்ஜ்காரர் கேட்ட கணமே ஏழு பேர் மூன்று பேராகச் சுருங்குவர். "மூணு பேருதாண்ணே, கூட ரெண்டு சின்னப் பிள்ளைக." மீதி இருவர் டீக்கடையில் நின்று, பிறகு பெட்டி தூக்கி வருவதுபோல் மாடியேறுவர்.

2. கோபுர விதி: கோயிலிலிருந்து சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று வீதியில் மாதம் தள்ளத் தள்ள வாடகை இறங்க வேண்டும். ஆனால் மேல வெளி வீதியில் ரயில் நிலையத்தைக் கண்டதும் மறுபடி ஏறிக்கொள்கிறது. ஜன்னலில் கோபுரம் தெரிந்தால் தனிக் கட்டணம். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனால் அதே கோபுரம் இலவசம்.

3. ஒரு ரூபாய் விதி: 2022 ஜூலை 18க்கு முன் 1000 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது. 1000க்கும் 1001க்கும் நடுவே ஓர் அகழி இருந்தது. அன்றோடு அது தூர்ந்தது.

கண்டுபிடிப்பு

அறையைக் காட்டியபோது பெரியம்மா கட்டிலை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார்.

"ஏப்பா, சுடுதண்ணி எப்ப வரும்?"

"காலைல ஆறுலருந்து எட்டு வரைக்கும்மா."

"நான் நாலு மணிக்குல்ல எந்திரிப்பேன்!"

அறை நிராகரிக்கப்பட்டது. ஐந்தாவது லாட்ஜில்தான் நான்கு மணிக்கு வெந்நீர் வாளியில் தருவதாக ரூம் பாய் வாக்களித்தார்.

பின்னர் கால அளவை எடுத்தோம். இரவு பதினொன்று வரை கொத்துப் பரோட்டா, அதன்பின் ஜிகர்தண்டா. நான்குக்குக் குளியல், ஐந்துக்குக் கோயில். நண்பகலில் நடை சாத்திய பிறகுதான் முதுகு கட்டிலைக் கண்டது. பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்த ஊர் என்று மதுரைக்காஞ்சியே சொல்லும்போது, இங்கே உறக்கத்துக்கு வாடகை கொடுப்பது வரலாற்றுப் பிழை. ஆகவே 'அட்டாச்டு பாத்ரூம்' என்ற பலகை தலைகீழானது. மதுரையில் வாடகைக்குக் கிடைப்பது குளியலறை, கட்டில்தான் அட்டாச்டு.

மறுப்பும் விடையும்

"அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் குளியலறையே இல்லாமல் லட்சக்கணக்கானோர் வருகிறார்களே?" என்று கேட்கலாம். வைகைக் கரையிலும் மண்டகப்படிகளிலும் இரவைக் கழிக்கும் அவர்கள் மேல், தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச ஆட்கள் நிற்கிறார்கள். குளியல் தெருவுக்கே வந்துவிட்டதால் அறை தேவைப்படவில்லை. மறுப்பு நம் கொள்கைக்கே சாட்சியாகிறது.

முடிவு

மதுரைக்கு வருகிறவர்கள் மெத்தையை அமுக்கிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் அட்வான்ஸ் கொடுங்கள்.