ஒற்றைக் கண்ணை மூடினால் போதுமா?

மதுரை பழங்காநத்தத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை, கறி வாசம் வருவதற்கு முன்னாலேயே கட்டிங் மிஷின் சத்தம் வந்துவிடும். ஆன்லைன் தள்ளுபடி வந்த பிறகு வீட்டுக்கு ஒரு டிரில்லிங் மிஷின், தெருவுக்கு ஒரு ஏஜி4 கட்டிங் மிஷின். ஆசாரி கூலி மிச்சமாம்.

என் மச்சினனும் ஏஜி4 ஒன்று வாங்கினான். பெட்டியைப் பிரித்ததும் சக்கரத்துக்கு மேல் இருந்த பாதுகாப்பு கார்டைத்தான் முதலில் கழற்றினான். "இடைஞ்சலா இருக்கு மாமா." கூடவே வந்த குறிப்புப் புத்தகம் பிரிக்காத கவரோடு பீரோவுக்குப் போனது, வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில்.

மாடிக்கு இழுத்த பழைய வயரின் முனையில் பிளக் கிடையாது. அதனால் என்ன? இரண்டு வயரையும் பல்லால் சீவி, பாயிண்ட் ஓட்டையில் செருகி, கழலாமல் இருக்க ஆளுக்கொரு தீக்குச்சி. 230 வோல்ட் மின்சாரத்துக்குக் காவல் நிற்பது சிவகாசித் தீக்குச்சி! எர்த்தா? அந்த ஓட்டை சும்மா காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

கண்ணுக்குக் கண்ணாடி கேட்டேன். இடது கண்ணை மூடிக்காட்டினான். ஒரு கண் போனாலும் இன்னொன்று மிச்சம் என்ற கணக்கு போலிருக்கிறது. காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கி, கழுத்தில் துண்டு. சுற்றுகிற மிஷினுக்குத் தொங்குகிற துணி என்றால் கொள்ளைப் பிரியம், இழுத்துச் சுருட்டிக்கொள்ளும். 1921 செப்டம்பரில் காந்தி இதே மதுரையில், மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அரையாடைக்கு மாறினார். காரணம் வேறு, ஆனாலும் டிரில்லிங் மிஷின் பிடிக்கிறவனுக்கு அது எவ்வளவோ தேவலை.

நாலு அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அதன் விளிம்பு ஓடுவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். மதுரையிலிருந்து சென்னைக்குப் போகும் எந்த ரயிலும் அந்த வேகத்தைப் பார்த்ததில்லை. சக்கரம் உடைந்தால் சில்லு நம் பக்கம் வராமல் தடுப்பது அந்த இடைஞ்சல் பிடித்த கார்டுதான். சக்கரத்தின் நடுவளையத்தில் பல கம்பெனிகள் காலாவதித் தேதிகூட அடித்திருக்கும். தயிர் பாக்கெட்டில் தேதி பார்க்கிற ஊர், இதில் பார்ப்பதில்லை.

அடுத்து வேப்பங்கிளையை வெட்ட, அதே மிஷினில் பல் வைத்த மர பிளேடை மாட்டப் போனான். பல் மரத்தில் சிக்கினால் மிஷின் திரும்பி எகிறுவது பிடித்திருப்பவன் மேல்தான். இரும்பு வெட்டும் மிஷினுக்கு மரத்தில் வேலையே இல்லை. நான் பாயிண்டிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டேன். சக்கரம், பிட் எது மாற்றினாலும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். அவன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

உங்கள் வீட்டு மெயின் பாக்ஸில் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டைத் துண்டிக்கிற வகையாக இருக்க வேண்டும். அதில் 'டெஸ்ட்' பட்டன் ஒன்று உண்டு, அழுத்துங்கள். கரண்ட் போகவில்லை என்றால், மிஷினை எடுப்பதற்கு முன்னால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.