ஒரு ஜிபி வாங்கினேன், அது யாருடையது?

கேள்வி: நெட் நியூட்ராலிட்டி என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள். (திருச்சி)

பதில்: ஒரு ஜிபிக்குக் காசு கட்டியாயிற்று, அதில் என்ன பார்ப்பது என்பது உங்கள் இஷ்டம், கம்பெனியின் இஷ்டமல்ல.

கேள்வி: முதல் போட்டு டவர் நட்டவன் தன் இஷ்டத்துக்கு விலை வைக்கக் கூடாதா? (கோவை)

பதில்: ஜிபிக்கு இவ்வளவு என்று தாராளமாக வைக்கட்டும். 2014 டிசம்பரில் ஏர்டெல் கேட்டது அதுவல்ல. ஸ்கைப், வைபர் வழியாகப் பேசினால் அதற்குத் தனிக் காசு என்றது. அதே டவர், அதே டேட்டா. பேச்சு என்பதால் மட்டும் கூடுதல் கட்டணம்! எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே கைவிட்டார்கள். மக்கள் சத்தம் போட்டதால் நடந்தது அது.

கேள்வி: பேஸ்புக் இலவசமாகக் கொடுத்த ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்தியது ஏழைகள் வயிற்றில் அடித்த காரியம்தானே? (நாகப்பட்டினம்)

பதில்: அந்த இலவசத்துக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து, தமிழ்நாடு உள்பட ஆறு மாநிலங்களில் ‘இன்டர்நெட்.ஆர்க்’ என்ற பெயரில்தான் அது முதலில் வந்தது. உள்ளே பேஸ்புக் உண்டு, வானிலை உண்டு, வேலைவாய்ப்புச் செய்தி உண்டு. அங்கிருந்து வெளித்தளம் ஒன்றின் இணைப்பைத் தொட்டால், ‘டேட்டா கட்டணம் ஆகும்’ என்று அறிவிப்பு வந்து வழிமறிக்கும். வீடியோ கிடையாது. எந்தத் தளம் உள்ளே வரலாம் என்ற நிபந்தனைகளை எழுதியதும் பேஸ்புக்கேதான். முதன்முதலாக இணையத்தைத் தொடும் ஒரு பிள்ளையிடம், ஒரு கம்பெனி பொறுக்கி எடுத்து வைத்ததைக் காட்டி, ‘இதுதான் இணையம்’ என்று சொல்வதை உதவி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஏழைக்குக் கொடுக்க வேண்டுமா? டேட்டாவாகக் கொடுக்கலாமே! 2016 பிப்ரவரி 8 அன்று, பார்க்கும் தளத்தைப் பொறுத்துக் கட்டணம் மாறக் கூடாது என்று விதி போட்டு ஃப்ரீ பேசிக்ஸுக்கு வழியடைத்த அதே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்), அந்த ஆண்டு டிசம்பரில், கிராமத்துச் சந்தாதாரர்களுக்கு மாதம் 100 எம்பி இலவசமாகத் தரலாம் என்று பரிந்துரைத்தது. எந்தத் தளத்துக்குப் போகிறாய் என்று கேட்காத இலவசம் அது.

கேள்வி: ராத்திரியானால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்பெனியின் வேலையா? (தேனி)

பதில்: எல்லா ஆப்பும் திணறினால் அது நெரிசல். மற்றதெல்லாம் பறக்க, ஒன்று மட்டும் நொண்டி, விபிஎன் போட்டதும் அதுவும் சரியாகிவிட்டால் சந்தேகப்படுங்கள். அமெரிக்காவில் 2007-இல் இணைய நிறுவனமான காம்காஸ்ட் இப்படித்தான் சிக்கியது. கோப்புப் பகிர்வுக்கான பிட்டோரண்ட் இணைப்புகளில் அது கைவைத்ததைப் பயனாளர்களே சோதித்துக் கண்டுபிடித்தார்கள்.

கேள்வி: அரசு உள்ளே வந்தால் இணையமே அரசின் கைக்குப் போய்விடாதா? (சென்னை)

பதில்: பயம் நியாயமானது, ஆனால் அதை டிராயின் விதி மேல் இறக்காதீர்கள். மீறும் கம்பெனிக்கு நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம் என்கிறது 2016 விதி. எந்தத் தளத்தையும் முடக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தரவில்லை. நீங்கள் அஞ்சும் காரியம் வேறு சட்டத்தின் பேரில் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் துண்டித்த இணையம் முழு 4ஜி வேகத்தில் திரும்பியது 2021 பிப்ரவரியில். இடையில், 2020 ஜனவரியில், காலவரையற்ற முடக்கம் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. கம்பெனியைக் கட்டிப்போட்ட விதி அரசைக் கட்டவில்லை. அதற்குத் தனியாகப் போராடத்தான் வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் நெட் நியூட்ராலிட்டி விதி இருக்கிறதா, இல்லையா? (ஈரோடு)

பதில்: 2015-இல் வந்தது, 2017-இல் போனது, 2024-இல் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. கலிபோர்னியாவோ 2018-இல் சொந்தமாகச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டது.

கேள்வி: நெட்ஃபிளிக்ஸும் யூடியூப்பும்தான் கொழுத்த லாபம் பார்க்கின்றன. நெட்வொர்க் செலவில் அவர்களிடம் பங்கு கேட்டால் நமக்கென்ன நஷ்டம்? (நெல்லை)

பதில்: நம் ஊர் டெலிகாம் கம்பெனிகளும் இதைத்தான் கேட்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. தளங்களிடம் அப்படிக் கட்டணம் கேட்கும் தென் கொரியாவைப் பாருங்கள். நெட்வொர்க் கட்டணம் மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று காரணம் சொல்லி, நேரலை வீடியோத் தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அங்கே கடையை மூடியது. அதற்கு முன்பே வீடியோ தரத்தை 720பி-க்கு இறக்கியிருந்தார்கள். இணையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிய கொரியர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு வோன்கூடக் குறைக்கவில்லை என்றால், பங்கு யாருடைய பையிலிருந்து போனது?