நெசமா 5.4.5

ஆவணி முகூர்த்தப் பத்திரிகை அடிக்கப் பெண்ணின் மாமன்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துத்தான் அப்டேட்டுக்கு 'ஒய்' தட்டினேன். ஏன் தட்டினாய் என்று கேட்காதீர்கள். நீங்கள் மட்டும் யோக்கியமா?

திரும்பத் திறந்தால், 'திருநிறைச்செல்வி'யில் சகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. மாமன்காரர் எட்டிப் பார்த்தார். "பொண்ணுக்கு இப்பமே கொம்பு முளைச்சிட்டே அண்ணாச்சி?"

பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் கம்ப்யூட்டரை ஓட்டும் உபுண்டுவுக்குப் பின்னால் போவதென்றாலே அவமானம். 'டவுன்கிரேடட்' என்ற சொல்லை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு ஊர்கூட்டும். நல்லவேளை, தமிழில் பெரிய எழுத்து கிடையாது.

உபுண்டுவின் தாய்வீடான டெபியன்காரர்களுக்கே இப்படிப் பின்னால் போகும் தொல்லை வந்தது. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது வெளியே வந்தது. லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்பவர் நோண்டியதில் அகப்பட்டது. பழையதற்குத் திரும்ப வேண்டும். எண் குறைந்தால் கம்ப்யூட்டர் தானாக ஏற்காது. அதனால் '5.6.1+ரியலி5.4.5' என்று பெயர் சூட்டி அனுப்பினார்கள். அதாவது மேலுக்கு 5.6.1, நெசமா 5.4.5.

இந்த 'நெசமா' எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 2019 நவம்பர் 22-இல் மாவட்டம் பிரிந்தும், பத்திரிகையில் 'திருநெல்வேலி ஜில்லா' என்றே போடச் சொல்லும் பெரியவர்களுக்கு எங்கள் கரிவலம்வந்தநல்லூர், தென்காசி+நெசமா திருநெல்வேலி. பால்வண்ணநாதர் கோயில் பக்கத்து டீக்கடை, புதிய நிர்வாகம்+நெசமா பழைய பாய்லர். ஒண்ணாப்பில் சேர்க்கும்போது தலையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். எட்டவில்லை, ஒரு வயதைக் கூட்டி எழுதிவிட்டார். அன்றிலிருந்து நான் 57+நெசமா 56. மாமன்காரர் தலைமுடி, கறுப்பு+நெசமா... வேண்டாம், இன்னும் பணம் தரவில்லை.

அந்தச் சுலபமான வழியா? பழைய பதிப்பின் பொட்டலம் கம்ப்யூட்டரிலேயே ஒரு மூலையில் கிடந்திருக்கும். இடத்தை அடைக்கிறதென்று போன வாரம் நானேதான் அதையும் வழித்துத் துடைத்தேன்.

மாமன்காரர் இன்னும் போகவில்லை. இரண்டாவது டீ வந்திருக்கிறது, அதே பாய்லரிலிருந்து, என் கணக்கில்.