துப்பு மண்ணில் கிடக்கிறது

வாசகர், நெல்லிக்குப்பம்: அமெரிக்க எழுத்தாளர் டோனி ஹில்லர்மனின் நவஹோ போலீஸ் நாவல்களை அடிக்கடி சிபாரிசு செய்கிறீர்கள். கொலை, விசாரணை, கைது. எல்லாத் துப்பறியும் கதையும் அதுதானே?

கொலை எங்கேயும் ஒன்றுதான். துப்புதான் ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோக்களின் பழைய வழக்கப்படி, வீட்டுக்குள் ஒருவர் இறந்தால் வடக்குச் சுவரை உடைத்து உடலை எடுப்பார்கள். அதன்பின் அந்த வீட்டில் யாரும் குடியிருப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் புதுக் காலடி தெரிந்தால், வந்தவன் பெரும்பாலும் வெளியாள். ஹில்லர்மனின் நாயகன், நவஹோ போலீஸ் அதிகாரி ஜோ லீப்ஹார்ன் துப்பறிவது இந்த வகையில். ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன்பே பாதி வழக்கு அவருக்குப் புரிந்துவிடும்.

இல்லத்தரசி, பண்ருட்டி: சுவரை உடைப்பதா! கேட்கவே விசித்திரமாக இருக்கிறதே?

தனிஷ்டா பஞ்சமியில் சாவு விழுந்த வீட்டைப் பற்றி உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். அடைப்பு என்று சொல்லி, வாசலை விட்டுச் சுவரை இடித்துப் பிணத்தை வெளியே கொண்டுபோனதும், அறையை மாதக்கணக்கில் பூட்டி வைத்ததும் நம் பக்கத்திலும் நடந்தவைதான்.

கல்லூரி மாணவி, சிதம்பரம்: ஹில்லர்மனுடையது பாலைவனத்துக் கதை. பிச்சாவரத்துச் சதுப்பில் படகு விடும் நமக்கு எப்படி ஒட்டும்?

பாலையை ஒரு திணையாகவே வகுத்தவர்கள் நாம். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த நிலத்துக்கு எயினரையும் வழிப்பறியையும் கொற்றவை வழிபாட்டையும் சேர்த்தே வைத்தார்கள். நிலம் வறண்டால் மனிதன் என்ன ஆவான் என்ற கேள்வி நமக்குப் பழையது. ஹில்லர்மன் கேட்டதும் அதைத்தான்.

வழக்கறிஞர், கடலூர்: நவஹோ போலீஸுக்குக் கொலை வழக்கை முழுதாக நடத்த அதிகாரம் உண்டா?

முழு அதிகாரம் இல்லை. கதையின் முடிச்சே அதில்தான். நவஹோ தேசம் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. பரப்பளவு சுமார் 71,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆனால் 1885ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பழங்குடி நிலத்தில் நடக்கும் கொலை போன்ற பெருங்குற்றங்களை மத்திய அரசின் கையில் கொடுத்துவிட்டது. அதனால் எஃப்.பி.ஐ. வரும். ஊர் தெரிந்தவரிடம் அதிகாரம் குறைவு, அதிகாரம் உள்ளவருக்கு ஊர் தெரியாது.

ஆசிரியர், விருத்தாசலம்: நம் மாவட்டத்தில் பழங்குடியினரையும் போலீஸையும் வைத்து இப்படி ஒரு கதை உண்டா?

கதை இல்லை, வழக்கு உண்டு. அங்கே துப்பறிபவர் பழங்குடி. இங்கே சந்தேகப் பட்டியலின் முதல் பெயர் பழங்குடி. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர் உள்ளிட்ட எத்தனையோ குடிகளைப் பிறப்பிலேயே திருடராக்கியது. நாடு விடுதலை பெற்றதும் சட்டம் ஒழிந்தது, பழக்கம் ஒழியவில்லை. 1993இல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில், முதனை கிராமத்துக் குறவர் ஒருவரை நகைத் திருட்டு என்று கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அவரோ பக்கத்து மாவட்டத்தில் அடையாளம் தெரியாத உடலாகக் கிடந்தார். மனைவி விடவில்லை. வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். போலீஸ்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் தண்டனை விதித்தபோது ஆண்டு 2006. ‘ஜெய் பீம்’ படம் அந்தக் குடும்பத்தை இருளராகக் காட்டியது. உண்மையில் துப்பறிந்தவர்கள் எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத ஒரு பெண்ணும் அவரை நம்பிய ஒரு வக்கீலும்.

வாசகர், பரங்கிப்பேட்டை: மணலைப் பார்த்தே ஆளைச் சொல்வது கதையில் மட்டும்தானே நடக்கும்?

இருளரிடம் கேளுங்கள். பாம்பு போன தடத்தையும் எச்சத்தையும் வைத்து அது எந்தப் பொந்தில் இருக்கிறது என்று சொல்பவர்கள் அவர்கள். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து, பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துத் தருகிறார்கள். 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பழங்குடி அறிவைத் தேடி அமெரிக்காவே நம் ஊருக்கு வந்திருக்கிறது.

கோயில் ஊழியர், திருவதிகை: ஹில்லர்மனின் எந்த நாவல் நமக்கு ரொம்ப நெருக்கம்?

1988இல் வந்த ‘எ தீஃப் ஆஃப் டைம்’. பழங்காலப் பானைகளைத் தோண்டித் திருடி விற்பவர்களைப் பற்றியது. நம் விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் அர்த்தநாரீசுவரரை நினையுங்கள். திருடுபோன அந்தக் கற்சிலை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1970லேயே டெல்லியில் விற்கப்பட்டதாகப் போலி ரசீது காட்டினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1974இல் எடுத்த படத்தில் சிலை கோயிலிலேயே இருந்தது. அந்த ஒரு புகைப்படம் போதுமாக இருந்தது. 2014இல் சிலை நாடு திரும்பியது.

நூலகர், சிதம்பரம்: தமிழில் இதற்கு இணை?

சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வருகிறவன் கொலையில் மாட்டிக்கொள்கிறான். அந்த வாசலைத் திறந்த பிறகும் நம் துப்பறியும் கதை பெரும்பாலும் சென்னையிலும் கோவையிலுமே குடியிருந்துவிட்டது. அதுதான் என் ஆதங்கம்.

வாசகி, குறிஞ்சிப்பாடி: ஹில்லர்மன் வெள்ளைக்காரர். நவஹோ வாழ்க்கையை அவர் எழுதலாமா?

ஓக்லஹோமாவில் செமினோல், பொட்டவாட்டமி பழங்குடிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்தவர் அவர். 1987இல் நவஹோ மக்களே அவரைத் தங்கள் நண்பர் என்று கௌரவித்தார்கள். மரியாதையோடு எழுதினால் எழுதலாம். ஆனால் அதோடு நிற்கக் கூடாது. 2022இல் ரமோனா எமர்சன் என்ற நவஹோ பெண், போலீஸுக்குப் படம் எடுக்கும் நவஹோ பெண்ணை நாயகியாக்கி ‘ஷட்டர்’ எழுதினார். தன் வீட்டுக் கதையைத் தானே சொல்லும் குரலுக்கு ஈடு கிடையாது.

இளைஞர், மேல்பட்டாம்பாக்கம்: ரயில் நிலையமும் கரும்புத் தோட்டமும் உள்ள எங்கள் ஊரை வைத்துத் துப்பறியும் நாவல் எழுத முடியுமா?

உடனே தொடங்குங்கள். கொலை நடந்த இரவு ஆலையில்தான் இருந்தேன் என்கிறான் டிராக்டர்காரன். எடைச் சீட்டில் இருக்கும் நேரம் வேறு சொல்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரலைப் பார்த்திருப்பீர்கள். கொட்டையின் எண்ணெய் தோலை அரித்துவிடும். சம்பவ இடத்தில் கைரேகை சரியாகப் பதியவில்லை என்று நிபுணர் உதட்டைப் பிதுக்கும்போது, ஏன் என்று உங்கள் துப்பறிவாளருக்கு மட்டும் தெரியும். அவசரப்பட்டு அந்தப் பெண்ணைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அந்த வேலையை நம் ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். துப்பறிகிற எஸ்.ஐ. அவள் மகளாக, ஒரு காலத்தில் சந்தேகப் பட்டியலில் பெயர் இருந்த வீட்டிலிருந்து வந்தவளாக இருக்கட்டும். எழுதி அனுப்புங்கள், முதல் வாசகன் நான்.